தீர்த்தகிரிக் கவுண்டர் பட்டா

மயிலம்மாள் கெங்கவல்லிப் பக்கத்துப் பெண். நாமகிரிப்பேட்டைக்கு மேற்கே ஒரு சிற்றூரில், தீர்த்தகிரிக் கவுண்டரின் இளைய மகன் குழந்தைவேலுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தாள். வந்த புதிதில் அவள் வாயைத் திறந்தாலே ஓரகத்தி பழனியம்மாளுக்குச் சிரிப்பு.

"வீடாமா வீடு! ஊடுன்னு சொன்னா வாய் கோணிக்குமா புள்ள?"

இரண்டு வருஷத்தில் மயிலம்மாளும் ஊடு என்றே சொல்லப் பழகிவிட்டாள். பழகச் சிரமமாக இருந்தது வேறொரு வழக்கம். கணவனின் அண்ணன் எதிரில் தம்பி பெண்டாட்டி நிற்கக்கூடாது, நேராகப் பேசவும் கூடாது. மூத்தவர் கருப்பண்ணன் வாசலில் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டாலே கதவுக்குப் பின்னால் போய்விட வேண்டும். ஏதாவது சொல்ல வேண்டியிருந்தால் நடுவில் ஓர் ஆள் வேண்டும். ஆள் கிடைக்காத ஒரு நாள், "ஏ உரலே, செவலை அவுத்துக்கிட்டுச் சோளத்துக்குள்ள போயிருச்சுன்னு சொல்லு" என்று உரலைப் பார்த்துக் கத்தினாள். கருப்பண்ணன் சிரிப்பை அடக்கிக்கொண்டு மாட்டைப் பிடிக்க ஓடினார்.

அந்தக் குடும்பத்துக்கு, காடு என்று அவர்கள் சொல்லும் விளைநிலம் ஏழு ஏக்கரும் ஒரு கிணறும் இருந்தன. 1926-இல் தீர்த்தகிரிக் கவுண்டர் இறந்தார். கருமாதி முடிந்த கையோடு கணக்குப்பிள்ளை வந்தார். நிலத்துக்குச் சொந்தக்காரர் யார், வரி யார் கட்ட வேண்டும் என்பதைச் சொல்லும் பட்டா கவுண்டர் பெயரில் இருந்தது.

"பெரியவர் போயிட்டார். வருஷக் கணக்குப் பார்க்க ஜமாபந்திக்கு அதிகாரி வர்றப்ப ஒரு மனுக் குடுத்தா, உங்க ரெண்டு பேர் பேருக்கும் மாத்திப் போடலாம்" என்றார்.

"அய்யனைப் பொதைச்ச மண்ணு ஈரங்கூடக் காயலீங்க. அதுக்குள்ள பேரை அடிக்கறதுங்களா?" என்றார் கருப்பண்ணன்.

கணக்குப்பிள்ளை வற்புறுத்தவில்லை. அந்த ஊர் வழக்கம் அவருக்குத் தெரியும். வரி கட்டும் காலத்தில் சாவடியில் தலையாரி ஒவ்வொரு பெயராகக் கூப்பிடுவான். "தீர்த்தகிரிக் கவுண்டர்!" என்று குரல் வந்ததும் கருப்பண்ணன் தோள் துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, "இருக்கறமுங்க" என்று எழுந்திருப்பார். வருஷத்துக்கு ஒருமுறை அப்பன் பெயரை நாலு பேர் கேட்கக் கூப்பிடுவது மகன்களுக்குப் பெருமை. அவரைப் போலவே பலர். ஊரில் பாதிப் பட்டா செத்தவர்கள் பெயரில் இருந்தது. "உங்க ஊர்ல சுடுகாட்டுல இருக்கறவங்கதானய்யா ஒழுங்கா வரி கட்டறாங்க" என்று கணக்குப்பிள்ளை கேலி செய்வார். கேட்டவர்களும் சேர்ந்து சிரிப்பார்கள். யாரும் மாற்ற மாட்டார்கள்.

மூன்று வருஷம் கழித்து அண்ணன் தம்பி பிரிந்தார்கள். மாட்டுத் தீவனத்தில் தொடங்கிய பேச்சு மோர்ச் சட்டியில் வந்து முடிந்தது. பழனியம்மாளும் மயிலம்மாளும் ஒரே அடுப்பில் ஆக்க முடியாது என்றானது. பெரியவர்கள் நாலு பேர் உட்கார்ந்து வாய்ப்பேச்சாகப் பாகம் பிரித்தார்கள். மேல்காடு மூத்தவருக்கு, கீழ்காடு இளையவருக்கு. கிணறு பொது. மாடு பூட்டித் தோல் சாலில் தண்ணீர் இறைக்கும் கவலையை ஓட்டுவது முறை வைத்து. எழுத்து எதுவும் இல்லை. எழுதிக்கொள்வது அண்ணன் தம்பிக்குள் நம்பிக்கை இல்லாததைக் காட்டும் என்று எல்லாருமே நினைத்தார்கள்.

நடுவில் வேலி வைக்க வேண்டும். போதமலை அடிவாரத்திலிருந்து கிளுவைக் குச்சிகளை வண்டியில் கொண்டுவந்து அண்ணன் குழி போட, தம்பி நட்டான். சண்டை நடந்த நாட்களில் முகம் பார்க்காதவர்கள், அன்றைக்கு மயிலம்மாள் கொண்டுபோன கம்பங்கூழை வேப்ப மரத்தடியில் ஒரே சட்டியில் மாற்றி மாற்றிக் குடித்தார்கள். "வேலி வெக்கறப்பத்தான் இவனுங்க ஒண்ணாச் சேருவானுங்க போல" என்று வழியில் போனவர் ஒருவர் சொன்னார். கிளுவை நன்றாகப் பிடித்தது. ஒவ்வொரு வருஷமும் மேல் பக்கத்தை அண்ணனும் கீழ் பக்கத்தைத் தம்பியும் கழித்துவிடுவார்கள்.

பாகம் பிரிந்த பிறகாவது பட்டாவை மாற்றச் சொல்லிக் கணக்குப்பிள்ளை இன்னொரு தடவை கேட்டார். குழந்தைவேலுக்குக் கொஞ்சம் மனம் இருந்தது. தடுத்தது மயிலம்மாள்தான்.

"மாமனாரு பேரை அடிச்சுப்போட்டு எம் புருசன் பேரை எழுதுனா, ஊரு உங்களைப் பேசாது, என்னையத்தான் பேசும். கெழக்கத்திக்காரி வந்து குடும்பத்தைக் கெடுத்துட்டாம்பாங்க. இருக்கட்டும் உடுங்க."

அவனும் விட்டுவிட்டான்.

1934 ஐப்பசியில் குழந்தைவேல் விஷக்காய்ச்சலில் படுத்தான். எழுந்திருக்கவில்லை. மகள் ராசாத்திக்கு அப்போது பதினோரு வயது. ஆண் பிள்ளை இல்லை. தம்பிக்குக் கருப்பண்ணன்தான் கொள்ளிக்குடம் எடுத்தார். மாரில் அடித்துக்கொண்டு அழுதார். அந்த வருஷம் கீழ்காட்டையும் அவரே பிள்ளைகளை வைத்து உழுது, விளைந்ததை மூட்டை பிடித்து மயிலம்மாள் வாசலில் இறக்கிவிட்டுத்தான் தம் வீட்டுக்குப் போனார். அதில் ஒரு படி குறைந்ததாக அவள் என்றைக்கும் சொன்னதில்லை.

மறு வருஷம் ஆடியில் கருப்பண்ணனின் மூத்த மகன் வேலுசாமி கேட்காமலே கீழ்காட்டில் ஏர் பூட்டினான். பருத்தி விதைத்தான். மயிலம்மாள் வரப்பில் போய் நின்றாள்.

"என்ன சாமி, கடலை போடலாம்னு இருந்தேன். ஒரு வார்த்தை கேக்கலியே?"

"எதுக்குக் கேக்கோணும் சின்னாத்தா? ஒரே பட்டாதானுங்க. உங்களுக்கும் ராசாத்திக்கும் சோறு எங்க பாடு. அவளைக் கட்டிக் குடுக்கறதும் எங்க பாடு."

"அப்ப இது ஆரு காடு?"

"அப்பாரு காடு" என்றான் வேலுசாமி, பாட்டன் தீர்த்தகிரிக் கவுண்டரைச் சொல்லி.

அவன் மரியாதைக் குறைவாக எதுவும் சொல்லவில்லை. அதுதான் அவளை உறுத்தியது. அன்று மாலையே கணக்குப்பிள்ளை வீட்டு வாசலில் போய் நின்றாள். அவர் மறைக்காமல் சொன்னார்.

"உன் புருஷன் அண்ணனைப் பிரிஞ்சு செத்திருந்தா அவன் பாகம் உனக்கு. உனக்குப் பிறகு உன் மகளுக்கு. பிரியாம செத்திருந்தா பாகம் அண்ணனுக்குப் போயிரும். உனக்குச் சோறும் துணியுந்தான்."

"பிரிஞ்சது ஊருக்கே தெரியுமுங்களே சாமி?"

"ஊருக்குத் தெரியும். பட்டாவுல இன்னும் உன் மாமனார்தானே இருக்கார்? உங்க மூத்தார் வந்து, ஆமாம் பிரிஞ்சுட்டோம்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும், அளந்து தனிப் பட்டாப் போட்டுருவாங்க. இல்லைன்னார்னா சேலத்துக்குக் கோர்ட்டுக்குப் போகணும். அது உன்னால ஆகிற காரியமா?"

ஆகாது என்று அவளுக்கே தெரியும். மனுவில் கட்டைவிரலை அழுத்திவிட்டு வந்தாள்.

சேதி கேட்டு மறுநாள் காலையில் கருப்பண்ணன் வந்தார். மயிலம்மாள் கதவுக்குப் பின்னால் போனாள். ராசாத்தி நடுவில் நின்றாள்.

"ராசாத்தி, உங்காத்தாகிட்டக் கேளு. அய்யன் பேரை அடிக்கச் சொல்லி மனுப் போட்டிருக்காளாமா?"

"அடிக்கச் சொல்லலீன்னு சொல்லு சாமி. எங்க பாகத்துக்கு எங்க பேரை எழுதச் சொன்னேன்னு சொல்லு."

"ரெண்டும் ஒண்ணுதான்னு சொல்லு."

ராசாத்தி இரண்டு பக்கமும் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். "ரெண்டு பேருக்குந்தான் காது கேக்குதே, நான் எதுக்கு?" என்றாள். யாரும் சிரிக்கவில்லை.

"காடு வேற கூட்டத்துக்குப் போயிருமே சாமி" என்றார் கருப்பண்ணன். குழந்தைக்குச் சொல்வது போல இருந்தாலும் அவர் பேசியது கதவைப் பார்த்துத்தான். "நாளைக்கு உன்னைக் கட்டறவன் வந்து எங்க கெணத்துல கவலை பூட்டுவான். எம் பசங்க அவங்கிட்ட மொறை கேட்டுக்கிட்டு நிக்கோணும். அதுக்கா எங்கய்யன் அந்தக் கெணத்தை வெட்டுனாரு?"

அவர் சொல்வதிலும் ஒரு நியாயம் இருப்பது மயிலம்மாளுக்குத் தெரிந்தது. ஆனால் அந்த நியாயத்தில் தானும் மகளும் அடுத்த வீட்டு அடுப்பைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியிருக்கும் என்பதும் தெரிந்தது.

வழக்கு ஊருக்கு வந்தது. மாரியம்மன் கோவிலில் பெரியவர்கள் கூடினார்கள். அந்தப் பக்கத்தில் இப்படிப்பட்ட தகராறுக்கு ஒரு தீர்வு உண்டு. அம்மன் முன்னால் கற்பூரத்தை ஏற்றி, அதைக் கையால் அணைத்துச் சத்தியம் செய்ய வேண்டும். பொய்ச் சத்தியம் செய்தவன் வீட்டில் சாவு விழும் என்பது நம்பிக்கை.

"கருப்பண்ணன் கற்பூரத்தை அணைச்சு, நாங்க பிரியலைன்னு சொல்லட்டும். சொல்லிட்டான்னா காடு அவனுக்கு. சொல்ல முடியலைன்னா மயிலாளுக்கு" என்றார் ஒரு பெரியவர்.

கருப்பண்ணன் சத்தியம் செய்யமாட்டார் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். இது மயிலம்மாளுக்குச் சாதகமாகச் சொன்ன யோசனை. பெண்கள் கூட்டத்திலிருந்து அவள் குரல் வந்தது.

"சத்தியம் வேண்டாமுங்க."

"ஏன் தாயி? நியாயம் உம் பக்கம் இருக்கறப்ப என்ன பயம்?"

"வேலுசாமி ஊட்டுல கைக்கொழந்தை இருக்குதுங்க. பொய்ச் சத்தியம் பண்ணி அதுக்கு ஒண்ணு ஆயிருச்சுன்னா, அந்தக் காட்டுல வெளைஞ்சது எனக்குத் தொண்டையில எறங்குமுங்களா? ஒண்ணும் ஆகலைன்னு வெய்யுங்க. காடும் போச்சு, மாரியாத்தாளும் போச்சு. எனக்கு ரெண்டும் வேணுமுங்க."

"அப்ப ஆபீசருதான் உனக்குச் சாமியாக்கும்?" என்று ஓர் ஆள் குத்தலாகக் கேட்டான்.

"ஆபீசருகிட்டப் பொய் சொன்னா ஆரும் சாகமாட்டாங்க. அது போதுமுங்க."

பெரியவர்கள் துண்டை உதறிக்கொண்டு எழுந்துவிட்டார்கள். நல்ல வழி காட்டியும் எடுத்துக்கொள்ளத் தெரியாதவள் என்று ஊர் பேசியது.

பருத்தி எடுத்து முடிந்த கோடையில், இடத்தைப் பார்த்து விசாரிக்க ரெவின்யூ இன்ஸ்பெக்டரும் சர்வேயரும் வரப்போகிறார்கள் என்று தலையாரி சொல்லிவிட்டுப் போனான். அடுத்த செவ்வாய்க்கிழமை கருப்பண்ணன் சந்தைக்குப் போயிருந்தார். வேலுசாமியும் அவன் தம்பியும் ஆட்களைக் கூட்டிக்கொண்டு காட்டுக்குப் போனார்கள். கிளுவை வேலியை வேரோடு தோண்டி எடுத்துக் குவித்துத் தீ வைத்தார்கள். குழிகளை மூடி, இரண்டு காட்டுக்கும் குறுக்கே ஏர் ஓட்டினார்கள். புகையைப் பார்த்து மயிலம்மாள் ஓடினாள். கூட்டாகக் குடித்தனம் நடத்துகிறவர்கள் தங்கள் காட்டுக்கு நடுவில் வேலி வைக்கமாட்டார்கள். பிரிந்ததற்குக் கண்ணுக்குத் தெரிகிற சாட்சியாக இருந்தது அந்த வேலி ஒன்றுதான். அவள் போய்ச் சேர்ந்தபோது மேல்காடும் கீழ்காடும் ஒரே உழவாகக் கிடந்தன. வேலுசாமி அவளைப் பார்க்காமல் மாட்டை ஓட்டினான்.

பொழுது சாய்ந்து சந்தையிலிருந்து திரும்பிய கருப்பண்ணன் வண்டியைக் காட்டோரம் நிறுத்தி இறங்கினார். சாம்பல் குவியலுக்குப் பக்கத்தில் வெகுநேரம் நின்றார். வீட்டுக்குப் போய்ப் பிள்ளைகளைத் திட்டவும் இல்லை, நல்லது என்று சொல்லவும் இல்லை. வயிறு சரியில்லை என்று சாப்பிடாமல் படுத்துக்கொண்டார். இதைப் பழனியம்மாளே பிற்பாடு சொன்னாள்.

இன்ஸ்பெக்டர் வந்த அன்று ஊரில் பாதி காட்டில் இருந்தது. சர்வேயரின் ஆட்கள் அளவுச் சங்கிலியைத் தரையில் போட்டுவிட்டு நின்றார்கள். இன்ஸ்பெக்டர் மனுவைப் படித்துவிட்டு, ஒரே நிலமாகக் கிடந்த காட்டை ஒரு தடவை பார்த்தார்.

"நடுவில் வேலி இருப்பதாக மனுவில் எழுதியிருக்கிறதே. எங்கே?"

"எந்த வேலிங்க? ஒரே காடுங்க. எப்பவும் இப்படித்தானுங்க" என்றான் வேலுசாமி.

சுற்றி நின்றவர்கள் கீழே பார்த்தார்கள். அவர்களில் சிலருடைய ஆடுகள் அந்த வேலியில் தழை தின்றவை. இருந்தும் பங்காளிச் சண்டையில் வாய் கொடுக்க ஒருவரும் முன்வரவில்லை. இன்ஸ்பெக்டர் கருப்பண்ணனைப் பார்த்தார்.

"பெரியவரே, நீங்கள் சொல்லுங்கள். தம்பியும் நீங்களும் பிரிந்தவர்களா, இல்லையா?"

கருப்பண்ணனின் துண்டு கக்கத்தில் இருந்தது. உதடு மட்டும் அசைந்தது.

மயிலம்மாள் பெண்களை விட்டு வெளியே வந்தாள். முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டு, உழுத கட்டிகளில் கால் இடற நடந்து, அவருக்கு எதிரில் போய் நின்றாள். வாழ்க்கைப்பட்டு வந்த நாளிலிருந்து அவர் முகத்தை அவ்வளவு கிட்டத்தில் அவள் பார்த்ததில்லை.

"மாமா" என்றாள். கூட்டம் சலசலத்து அடங்கியது. "நீங்களும் அவங்களும் கிளுவை நட்ட அன்னிக்கு நாந்தான் கூழு கொண்டாந்தேன். ஒரே சட்டியில குடிச்சீங்க. அது நடக்கலைன்னு உங்க வாயால சொல்லிப்போடுங்க, நான் கேட்டுக்கறேன். கோர்ட்டுக்குப் போகமாட்டேன். ஊருல ஒருத்தர்கிட்டயும் முறையிட மாட்டேன். ஆனா நீங்கதான் சொல்லோணும். வேலுசாமி சொன்னா நான் ஏத்துக்கமாட்டேன்."

ஒரு காகம் உழவில் இறங்கிப் புழு பொறுக்கியது. கருப்பண்ணன் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு இன்ஸ்பெக்டர் பக்கம் திரும்பினார்.

"இருந்துச்சுங்க."

"என்ன இருந்தது?"

"வேலிங்க. நானும் எந் தம்பியும் வெச்சது. பிரிஞ்சுதான் இருந்தோமுங்க."

"அய்யா!" என்றான் வேலுசாமி. அவர் அவன் பக்கம் பார்க்கவில்லை. வேலி எந்த இடத்தில் போனது என்று சர்வேயர் கேட்டார். கருப்பண்ணன் செருப்பைக் கழற்றிவிட்டு உழவுக்குள் இறங்கி நடந்தார். எங்கும் நின்று யோசிக்கவில்லை. அவர் நடந்த தடத்தின் மேலேயே சங்கிலி பின்னால் வந்தது. மறு கோடிக்கு அவர் போய்ச் சேருவதற்குள் வேலுசாமி மாட்டைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டான்.

அந்த ஜமாபந்தியில் கீழ்காடு தனியாக உட்பிரிவாகி, 'குழந்தைவேல் மனைவி மயிலம்மாள்' என்று பட்டா வந்தது. மீதிக்கும் பழைய பெயர் நிற்க முடியாது என்பதால் அது கருப்பண்ணன் பெயருக்கு ஆனது. தீர்த்தகிரிக் கவுண்டர் கணக்கிலிருந்து போய்விட்டார். அந்த வருஷம் சாவடியில் தலையாரி "கருப்பண்ணக் கவுண்டர்!" என்று கூப்பிட்டபோது அவர் எழுந்திருக்கவில்லை. இரண்டாம் தடவை கூப்பிட்ட பிறகுதான் தம்மைத்தான் என்று தெரிந்தாற்போல எழுந்தார்.

காடு கிடைத்ததோடு மயிலம்மாளின் கஷ்டம் தீர்ந்துவிடவில்லை. கவலை ஓட்ட ஆள் வைத்தால், அந்த ஆளிடம் வேலுசாமி எதையாவது சொல்லி விரட்டினான். கிணற்றில் தூர் எடுக்கக் கூப்பிட்டால் வரமாட்டான். ஒரு கோடையில் கடலை அத்தனையும் காய்ந்தது. பழனியம்மாள் பேச்சை நிறுத்திக்கொண்டாள். மயிலம்மாள் கூலிக்கு ஆள் விட்டுக் கிளுவையைத் திரும்ப நட்டாள். இந்த முறை அதை இரண்டு பக்கமும் அவளே கழித்துவிட வேண்டியிருந்தது.

பெரிய இழப்பு கருப்பண்ணனுக்குத்தான். அவர் வீட்டில் அவருக்குச் சோறு இருந்தது. மகன்கள் அவரோடு பேசுவதைக் குறைத்துக்கொண்டார்கள். மாடு வாங்குவது, விதை போடுவது எதையும் அவரைக் கேட்டுச் செய்யவில்லை. "அவரு என்ன, ஆபீசருக்கு அரிச்சந்திரன்" என்று வேலுசாமி காதுபடச் சொல்வான். ராசாத்தியைப் பேளுக்குறிச்சிப் பக்கம் கட்டிக்கொடுத்தபோது அந்த வீட்டிலிருந்து அவர் ஒருவர்தான் வந்தார். பெரியப்பன் செய்ய வேண்டிய சீரைச் செய்துவிட்டுப் பந்தியில் கடைசியாக உட்கார்ந்து சாப்பிட்டுப் போனார். அன்றைக்கும் மயிலம்மாள் அவரோடு பேசவில்லை. பந்தல்காலுக்குப் பின்னால் நின்றுகொண்டு, "இன்னுங் கொஞ்சம் சோறு வெய்யச் சொல்லுங்க" என்று பரிமாறுகிறவனிடம் சொன்னாள்.

உலகச் சண்டைக்காலத்தில், 1943 வாக்கில், வேலுசாமிக்கும் அவன் தம்பிக்கும் ஒத்துவராமல் போயிற்று. கருப்பண்ணனுக்கு அப்போது கண் சரியாகத் தெரியாது. கணக்குப்பிள்ளையைக் கூட்டிவரச் சொல்லி, மேல்காட்டை இரண்டாக அளந்து மகன்கள் பெயருக்கு அப்போதே மாற்றிவிடச் சொன்னார். கொஞ்சம் தம் பெயரில் வைத்துக்கொள்ளும்படி கணக்குப்பிள்ளை சொல்லிப் பார்த்தார்.

"வேண்டாமுங்க. நான் உசுரோட இருக்கறப்பவே மாத்திப்போடுங்க. செத்தவன் பேரு ஒண்ணு கெடந்தா இருக்கறவங்களை அடிச்சுக்க வெக்கும்" என்றார் கருப்பண்ணன்.

அளந்து கல் நடும்போது பக்கத்துக் காட்டுக்காரர் வந்து, எல்லை சரி என்று ஒப்புக்கொள்ள வேண்டும். மேல்காட்டுக்குப் பக்கத்துப் பட்டாதாரர் மயிலம்மாள். அவளைக் கூப்பிட வேலுசாமியே வர வேண்டியிருந்தது. எட்டு வருஷமாக மிதிக்காத வாசலில் நின்று, வேறு எங்கோ பார்த்துக்கொண்டு சொன்னான்.

"கல்லு நடறாங்க சின்னாத்தா. ஒரு நடை வந்து ரேகை வெச்சுக் குடுத்துட்டீங்கன்னா…"

"தண்ணி குடிக்கறயா?"

"வேண்டாமுங்க."

"சரி, நட. வாரேன்."

காட்டில் கருப்பண்ணன் கட்டிலில் உட்கார வைக்கப்பட்டிருந்தார். மயிலம்மாள் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு அவரைச் சுற்றிப் போனாள். சர்வேயர் காகிதத்தை நீட்டினார். மை டப்பாவை ஓர் ஆள் திறந்து பிடித்தான். அவள் கையை நீட்டவில்லை. வேலி ஓரமாக நடந்துபோய், புதிதாக நட்ட கல்லுக்கு நேராக நின்று, அவள் பாகத்தை அளந்த நாளில் மறு கோடியில் நட்ட பழைய கல்லைக் கண்ணை இடுக்கிப் பார்த்தாள். திரும்பி வந்தாள்.

"கல்லு எம் பக்கம் ஒரு சாண் வந்திருக்குது சாமி" என்றாள் வேலுசாமியிடம்.

"ஒரு சாணுதானே சின்னாத்தா?"

"ஆமா சாமி. ஒரு சாண்."

சர்வேயர் மறுபடி சங்கிலியைப் போடச் சொன்னார். கல் சற்று விலகித்தான் இருந்தது. வேலுசாமி கடப்பாரையை எடுத்தான். கல்லைப் பெயர்த்து, குழியைத் தள்ளித் தோண்டி, மண்ணைக் கெட்டித்து நட்டான். மயிலம்மாள் கல்லைக் காலால் தள்ளிப் பார்த்தாள். அசையவில்லை. பிறகு கட்டைவிரலை மையில் வைத்தாள்.